ஆற்றுப் பக்கம் மூன்று சன்னல்

எங்கள் கூம் ஹெலிக் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கதவு, சன்னல், கூரை மரம் எல்லாம் செய்தவன் நான். கல் வேலை முழுக்க என் அக்காள் புருஷன் இத்தெல் பியூவுடையது. அந்தக் கட்டடத்தில் நடந்த குளறுபடிக்கு வெளியூர்க்காரன் எவனும் காரணமில்லை, எல்லாம் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இன்றைக்கும் டொல்கெல்லி நகரத்திலிருந்து கட்டடப் படம் வரைந்து அனுப்பிய ஹார்வுட் துரையைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவர்.

1877 ஏப்ரல் மாதம். சுவர்கள் இடுப்பளவு எழும்பியிருந்தன. பையன்கள் வாசலுக்கான நிலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கதவை ஒட்டி ஒரு பக்கத்தில் மட்டும் குறுகலாகக் கண்ணாடி வைத்த நிலை அது. சுவரில் விட்டிருந்த இடைவெளிக்குள் நாலு பேராகத் தூக்கி நிறுத்தினோம். அகலம் சரி. சுவர்க் கனமும் சரி. ஆனால் கதவு வர வேண்டிய இடத்தில் இத்தெல் குட்டிச்சுவர் எழுப்பியிருந்தார். கண்ணாடி வர வேண்டிய இடத்தில் படிக்கல் போட்டிருந்தார்.

"என்ன மாப்ள, புள்ளைங்க கண்ணாடி வழியா நுழையணுமா?" என்றார்.

"தாள்ல இப்படித்தான் இருக்கு அத்தான்."

"எந்தத் தாள்ல? பீர்க் கடையில சுத்திக் குடுத்த தாள்லயா?"

சித்தாட்கள் சிரித்தார்கள். நான் பீரைத் தொடாமல் எட்டு வருஷம் ஆகிறது, ஜெபம் கூடும் சேப்பலில் எல்லாருக்கும் முன்னால் இனிக் குடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன். நிலையைத் திரும்ப வண்டியில் ஏற்றினேன். வீட்டில் என் தாளை எடுத்துப் பார்த்தால் நான் செய்தபடிதான் இருந்தது. ஆனால் நிலையைத் தனியாகப் போட்டிருந்த அந்தப் படம் வெளியே நின்று பார்த்து வரைந்ததா, உள்ளே நின்று பார்த்து வரைந்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே நின்று பார்த்ததென்றால் இத்தெல் சொல்வதுதான் சரி. படத்தின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அதில் எண்கள் மட்டும்தான் தெரியும். தப்பு என்னுடையதுதான் என்று முடிவு கட்டி, ஒரு நாள் வேலையை வீணாக்கி நிலையை மாற்றினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இத்தெல் லேசுப்பட்ட கொத்தனார் இல்லை. பள்ளத்தாக்கில் பாதி வீடுகளும் இரண்டு பாலங்களும் அவர் கை. அவர் கட்டின சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பது அவரை அவமானப்படுத்துவதற்குச் சமம் என்று சொல்வார்கள். ஆனால் அந்த ஜனவரியில் ஒரு களஞ்சியக் கூரையிலிருந்து தலைகுப்புற விழுந்துவிட்டார். நாலு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அதற்குப் பிறகு எல்லாம் பழையபடிதான். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

மே மாதத்தில் பெரிய அறையின் சன்னல்களைக் கொண்டுபோனேன். என் தாளின்படி ஆற்றுப் பக்கம் மூன்று உயரச் சன்னல்கள், சேப்பல் சந்துப் பக்கம் ஒன்று. அதனால் மூன்றை ஆற்றுப் பக்கச் சுவரோரம் இறக்கிச் சாத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சுவரில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தது. சுற்றிக்கொண்டு சந்துப் பக்கம் போனேன். அங்கே மூன்று இருந்தன.

"அத்தான், மூணு சன்னலும் ஆத்துப் பக்கம் தானே?"

இத்தெல் சாரத்தின் மேலே நின்றிருந்தார். குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தயக்கம்.

"இல்ல. சந்துப் பக்கம். நீ தப்பான பக்கம் இறக்கிட்ட. டேய், நாலு பேர் போய் அதை இந்தப் பக்கம் தூக்கிட்டு வாங்கடா."

தூக்கி வந்தார்கள். ஒவ்வொன்றும் அந்தந்த ஓட்டைக்குள் உறை போட்ட கத்தி மாதிரி உட்கார்ந்தது. ஒரு இம்மி பிசகில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. தப்பு என்றால் அளவு இடிக்க வேண்டும். இங்கே அளவெல்லாம் சரி, ஆனால் எதுவுமே இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கான சிறிய அறை வேறு ஆற்றுப் பக்கச் சரிவில் நின்றது. அந்தச் சரிவைக் கல் கொட்டி மேடாக்கவே மூன்று வாரம் ஆயிற்று. அப்போது இத்தெல் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

"தரை சமமா சந்துப் பக்கம் கிடக்குது. எவனாவது ஆத்துச் சரிவுல கொண்டாந்து அறையை வைப்பானா?"

பள்ளி வாரியத்தின் எழுத்தர் ரோலண்ட்ஸ், மளிகைக்கடைக்காரர், சபையில் மூப்பர், அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார். "படிச்சவங்க போட்டது இத்தெல். நமக்குத் தெரியாத ஏதோ ஒரு காரணம் இருக்கும்" என்றார். தெரியாத காரணம் இருக்கும் என்று நாங்களும் சரிவை மேடாக்கினோம். நான் அப்போது என் தாளில் கதவு சன்னல் அளவுகளை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

ஜூன் முதல் வாரம் கூரை வேலை. பெரிய அறையின் கூரையும் சின்ன அறையின் கூரையும் சந்திக்கிற மூலையில் பள்ளமாக ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்பில் உட்கார ஒரே ஒரு நீளச் சட்டம் வேண்டும், நல்ல ஓக் மரம். இரண்டு கூரையின் சாய்வும் அதன்மேல் வந்து இறங்குவதால் ஒரு பக்கம் ஒரு கோணமும் மறுபக்கம் வேறு கோணமுமாகச் சீவ வேண்டும். நாலு நாள் அதைச் செதுக்கினேன். என் தொழிலில் நான் பெருமைப்பட்ட மரங்கள் ஐந்தாறுதான், அது அதில் ஒன்று.

கயிறு கட்டி மேலே ஏற்றினோம். உட்காரவில்லை. தலைமாடு கால்மாடாகத் திருப்பினோம். உட்காரவில்லை. குப்புறப் போட்டோம். அப்போதும் இல்லை. நம் வலது கைக்குத் தைத்த உறையை இடது கையில் மாட்டினால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

இந்த முறை நான் விடுவதாக இல்லை.

"அத்தான், கீழ இறங்குங்க. உங்க தாளை எடுங்க. என் தாளும் இங்கதான் இருக்கு. ரெண்டையும் வச்சுப் பார்த்துடுவோம்."

இத்தெல் இறங்கினார். கோட்டுப் பைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தாள் அதற்குள்தான் மடித்து இருந்தது, அதன் மூலை வெளியே தெரிந்தது.

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

"பையிலதான் இருக்கு."

"வீட்டுல இருக்குன்னு சொல்றேன்ல?"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சித்தாட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் கரணையைச் சாந்துத் தொட்டியில் போட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்தார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான் ரோலண்ட்ஸின் கடைக்குப் போனேன். டொல்கெல்லியிலிருந்து வந்தது மொத்தம் இரண்டே தாள். ஒன்று எனக்கு. இன்னொன்று வாரியத்துக்கு, அது அவர் பெட்டியில் பூட்டியிருந்தது. சும்மா ஒரு அளவு பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் அதைப் பாட்டுப் புத்தகத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து விரித்தார். என் தாளை அதன் பக்கத்தில் வைத்தேன். கோட்டுக்குக் கோடு ஒன்றுதான். மூன்று சன்னலும் ஆற்றுப் பக்கம். சின்ன அறை சந்துப் பக்கம்.

"ஏன் மெய்ரிக், ஏதாவது கோளாறா?"

"ஒண்ணும் இல்ல ஐயா."

"வேலை நல்லாப் போகுதுல்ல? நான் தினமும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பிரமாதமா வருது."

தினமும் பார்க்கிறவருக்கே தெரியவில்லை. நான் வெளியே வந்து அவர் கடை வாசலில் நின்றேன். தாள் சரி. நான் சரி. அப்படியென்றால் கட்டினவர் பிசகியிருக்கிறார். வலது எது இடது எது என்று தெரியாமல் ஒரு கட்டடத்தையே எழுப்பியிருக்கிறார். ஜனவரியில் விழுந்தபோது உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை. இத்தெலின் மண்டை போய்விட்டது. நான் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் அக்காவுக்காக வருத்தப்படவும் ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அக்காவே ஆள் அனுப்பினாள். என் அக்கா மோர்வித் லிவர்பூலில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் வேலைக்காரியாக இருந்தவள். ஆங்கிலம் பேசுவாள், வாசிப்பாள். ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இத்தெலுக்கு வேதாகமம் வாசிக்கிற அளவுக்கு நம் மொழி தெரியும், ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. வாரியத்தின் தாளை இரண்டு நாள் இரவல் வாங்கி, அதைப் பார்த்து அவருக்காக நம் மொழியில் ஒரு நகல் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

நான் போனபோது சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அவர் எங்க?"

"மலைக்குப் போயிருக்காரு, ஆடு பார்க்கிறேன்னு. எங்களுக்கு ஏதுடா ஆடு?" என்றாள். பிறகு, "காலைல எழுந்ததும் என்கிட்ட கையை நீட்டி, இது வலது கைதானேன்னு கேக்கறாரு மெய்ரிக். ஒரு வாரமா இதேதான். சேப்பல்ல போய் உக்கார்ந்தா, நாம எப்பவும் இந்தப் பக்கம்தான் உக்காருவோமாங்கறாரு. நான் என்ன சொல்றது?" என்றாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிலை, சன்னல், சட்டம், ரோலண்ட்ஸின் தாள், எல்லாம். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப நிஜமாவே மண்டைலதான் அடிபட்டிருக்கா?"

"அவர் தாளை எடு. பார்ப்போம்."

"கோட்டுப் பையில இருக்கு. ராத்திரியெல்லாம் கோட்டைப் போட்டுக்கிட்டே படுக்கறாரு. இன்னைக்குத்தான் கழட்டிட்டுப் போனாரு."

இரண்டு தாள்களையும் மேசைமேல் விரித்தோம். இரண்டிலும் வடக்கு காட்டும் அம்பு மேலே பார்த்து நின்றது. என் தாளில் சின்ன அறை கீழே இடது மூலையில். இத்தெலின் தாளில் அது கீழே வலது மூலையில்.

"உன்னுது தலைகீழா இருக்கு போல" என்றாள் அக்கா.

திருப்பிப் பார்த்தோம். இப்போது சின்ன அறை வலப்பக்கம் வந்தது, ஆனால் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அவள் தாளைத் திருப்பினோம். இடப்பக்கம் வந்தது, அதுவும் மேலே. பக்கவாட்டில் வைத்தோம். மேசையைச் சுற்றி நடந்தோம். நான் ஒரு பக்கமிருந்தும் அவள் எதிர்ப்பக்கமிருந்தும் பார்த்தோம். எப்படி வைத்தாலும் இரண்டும் ஒட்டவில்லை. ஆனால் இரண்டிலும் அதே இருபது அடி, அதே முப்பத்தெட்டு அடி, அதே சன்னல்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறைத்தது. இத்தெல் தாளைத் தப்பாகப் படிக்கவில்லை. இந்தத் தாளில் இருக்கிறபடியேதான் கட்டியிருக்கிறார்.

"நீ இதை எப்படிப் போட்ட?" என்று கேட்டேன்.

"லிவர்பூல்ல தையக்காரம்மா சட்டை வெட்டுக்குப் பண்ணுவாங்களே, அது மாதிரி. துரையோட தாளை மேல வச்சு, வெள்ளைத் தாளை அடியில வச்சு, ஒவ்வொரு மூலையிலயும் ஊசியால குத்தினேன். அப்புறம் மேல் தாளை எடுத்துட்டு, ஓட்டைக்கு ஓட்டை கோடு போட்டேன். கண்ணால பார்த்துப் போட்டா அளவு பிசகிடும்னுதான் இப்படி."

"ஒரே மூச்சுல போட்டியா?"

"இல்ல. குத்தி முடிச்சப்ப பக்கத்துப் பண்ணையில மாடு கன்னு போட முடியாமத் தவிக்குதுன்னு கூப்பிட்டாங்க. ஓடிட்டேன். மறுநாள் காலைல வந்துதான் கோடு போட்டேன்."

"மேசையில அப்படியே கிடந்துச்சா?"

"தரையில கிடந்துச்சு. காத்துல விழுந்திருக்கும்."

நான் தாளின்மேல் கட்டைவிரலை ஓட்டினேன். கோடு போட்ட பக்கத்தில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் சொரசொரவென்று தட்டுப்பட்டது. பின்பக்கம் தடவினால் வழவழவென்று இருந்தது. ஊசி நுழைகிற பக்கம் வழவழப்பாக இருக்கும், வெளிவருகிற பக்கம்தான் பிசிறு தள்ளும்.

"அக்கா, இங்க தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். கோடுகள் மறுபக்கமிருந்து மங்கலாகத் தெரிந்தன. இப்போது சின்ன அறை இடது மூலையில் இருந்தது, என் தாளில் இருந்தபடியே.

தாளை மேசைமேல் வைத்தாள். பிறகு, "நானா?" என்றாள். யாரோ அவள் பெயரைக் கூட்டத்தில் கூப்பிட்டதுபோல அக்கம்பக்கம் பார்த்தாள். "நானா மெய்ரிக்?"

"நான் போய் அவர்கிட்ட பக்குவமா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று சால்வையை எடுத்தாள்.

இத்தெல் மலையில் இல்லை. பள்ளிக்கூடத்துக்குள்தான் இருந்தார், கூரையில்லாத பெரிய அறையில். சுவர்மேல் வலது கையை வைத்துக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தார். மூலை வந்ததும் நின்றார், யோசித்தார், திரும்பினார். சித்தாட்கள் வெளியே கல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா நேரே அவரிடம் போனாள்.

"இந்தத் தாளை நான் தப்பாப் போட்டுட்டேன். முதுகுப் பக்கம் கோடு இழுத்துட்டேன். நீங்க கட்டினது என் தாளைப் பார்த்து. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவருக்கு விளங்கவில்லை. அவள் தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். விரலைப் பிடித்து ஓட்டைகளின்மேல் வைத்தாள். அவர் கண் தாளில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது.

"அப்ப... என் மண்டை?"

"மண்டைக்கு ஒண்ணும் இல்ல."

"நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு."

"நிஜமா?"

"நிஜமா. பைத்தியம் புடிச்சது எனக்குத்தான்."

அவர் சாந்துத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். சத்தமில்லாமல் அழுதார். அக்கா திட்டு வாங்கத் தயாராக வந்தவள், கை இரண்டையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். ஒரு கட்டடமே திரும்பி நிற்கிறது, மனுஷனுக்கு அது காதிலேயே ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பசிக்குது. என்ன கொண்டாந்திருக்க?"

"ஒண்ணும் கொண்டாரலையே."

வெளியே போய் ஒரு சித்தாளின் கையிலிருந்த ஓட்ஸ் ரொட்டியைப் பிடுங்கித் தின்றார். மோரையும் வாங்கிக் குடித்தார். பிறகுதான் திரும்பி நின்று சுவர்களைப் பார்த்து, "ஐயையோ" என்றார்.

மறைக்க வழியில்லை. ரோலண்ட்ஸிடம் சொன்னோம். அவர் தன் தாளை எடுத்துவந்து கட்டடத்துக்கு முன்னால் பிடித்து, தாளைத் திருப்பாமல் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுத்த வியாழக்கிழமை ஹார்வுட் துரை மட்டக்குதிரையில் வந்து சேர்ந்தார். நல்ல மழை. கட்டடத்தை மூன்று முறை சுற்றினார். நாலாம் முறை பாதியில் நின்று, தொப்பியிலிருந்து நீர் வழிய, ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று ரோலண்ட்ஸைக் கேட்டேன்.

"இது என் கட்டடம் இல்லங்கறாரு. அப்புறம், என் கட்டடம்தாங்கறாரு. எனக்கும் புரியல."

சேப்பலின் பக்கத்து அறையில் கூட்டம் கூடியது. வாரியத்தார் ஐந்து பேர், துரை, புதிதாக நியமிக்கப்பட்டிருந்த வாத்தியார் பென்ரி, நானும் இத்தெலும். அக்கா பின்வரிசையில் வந்து உட்கார்ந்தாள், யாரும் கூப்பிடவில்லை. ரோலண்ட்ஸ் மொழிபெயர்க்க, துரை முதலில் கேட்டது ஒன்றுதான்: படத்தைப் பிசகாகப் பார்த்தது யார்?

இத்தெல் எழுந்தார். "நான்தான். ஜனவரியில மண்டைல அடி. வலது இடது மாறிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் பேச்சு ஊரில் கிளம்பிவிடுமோ என்று பயந்து இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தாரோ, அதையே எழுந்து நின்று தானாகச் சொல்கிறார். நான் எழுந்து மறுப்பதா, வாயை மூடிக்கொள்வதா? அவரைப் பார்த்தேன். என்னைப் பார்த்து ஒரு தடவை முறைத்தார். உட்கார்ந்திருந்தேன்.

"அவர் பொய் சொல்றாரு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். "தாள் போட்டது நான். அவருக்கு மண்டைல ஒண்ணும் கிடையாது."

அதையே ஆங்கிலத்திலும் துரைக்குச் சொன்னாள். துரை கையை நீட்டினார். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதைச் சன்னலோரம் எடுத்துப்போய், கண்ணுக்கு அருகில் வைத்து, முன்னும் பின்னும் பார்த்தார். ஏதோ சொன்னார். ரோலண்ட்ஸ் மொழிபெயர்க்காமல் தொண்டையைச் செருமினார்.

"என்ன சொன்னாரு?" என்றார் இத்தெல்.

அக்காவின் காது சிவந்திருந்தது. "என் கோடு அவர் ஆபீஸ் குமாஸ்தா கோட்டை விட நல்லா இருக்காம்" என்றாள்.

அதன் பிறகும் துரை விடவில்லை. பிள்ளைகள் எழுதும்போது வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், வலப்பக்கமிருந்து வந்தால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும், பள்ளிகளைச் சோதிக்க வரும் ஆய்வாளர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆகவே இரண்டு சுவரையும் இடித்து சன்னல்களை மாற்றத்தான் வேண்டும் என்றார். இடிப்பது என்ற சொல் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த இரைச்சலில் பென்ரி இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தார். நாட்டின் தென்பகுதியிலிருந்து வந்த ஒல்லியான இளைஞர், ரோலண்ட்ஸ் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

"பெஞ்சைத் திருப்பிப் போட்டா என்னங்க?" என்றார் மூன்றாம் முறை.

யாருக்கும் புரியவில்லை. அவர் நாலு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் தெற்கே பார்த்து உட்காருவதாகப் படம். அப்படி உட்கார்ந்தால் இப்போது வெளிச்சம் வலப்பக்கம். வடக்கே பார்த்து உட்காரட்டும், வெளிச்சம் இடப்பக்கம் வந்துவிடும். ரோலண்ட்ஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை நீட்டி, எழுந்து, எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்து, மறுபடி கையை நீட்டிப் பார்த்தார். "ஆமா போலத்தான் இருக்கு" என்றார், நிச்சயமில்லாமல்.

துரை மட்டும் பென்ரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கணப்பு தெற்குச் சுவரில் இருக்கிறது. வாசல் இரண்டும் வடக்கில். நீ வாசலுக்கு முன்னால் நிற்க வேண்டும். நெருப்பு பிள்ளைகளுக்குப் பின்னால் எரியும். தெரியுமா?"

"பரவாயில்லீங்க. எனக்குக் குளிர் பழக்கம்தான்" என்றார் பென்ரி. எங்கள் மலைக் குளிரை அறியாமல் தென்பகுதிக் குளிரைச் சொல்லியிருக்கிறார் பாவம்.

ஒரு கல்லும் இடிக்கவில்லை. மடிப்புச் சட்டத்தை மட்டும் நான் வேறு மரத்தில் புதிதாகச் சீவினேன். அக்டோபரில் பள்ளி திறந்தது. பையன்கள், பெண்கள் என்று ஆங்கிலத்தில் செதுக்கிய கற்கள் அந்தந்த வாசலின்மேல் முன்பே ஏறிவிட்டன, ஆனால் பெண்கள் வாசல் இப்போது ஆற்றுப் பக்கம். முதல் நாள் வீட்டில் சொல்லி அனுப்பிய பக்கமாகப் போன பிள்ளைகளும், கல்லைப் பார்த்துப் போன பிள்ளைகளும் உள்ளே முட்டிக்கொண்டார்கள். பென்ரி இரண்டு வாரம் சத்தம் போட்டுவிட்டு, எவர் எதில் வந்தாலும் வந்தால் சரி என்று விட்டுவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு விசேஷம் நடந்தது. மற்ற ஊர்களில் கணப்பு வாத்தியாருக்கு, குளிர் பிள்ளைகளுக்கு. எங்கள் ஊரில் கடைசி பெஞ்சில்தான் நெருப்பு. எழுத்து வராதவர்கள், மேல்மலைப் பண்ணைகளிலிருந்து நனைந்து வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் உட்காருவார்கள். நனைந்த காலுறைகளைக் கணப்போரம் காயவைத்துக்கொண்டு எழுதினார்கள். பனியிலும் வருகை குறையவில்லை என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டு போனாராம். பென்ரி பிப்ரவரி வரை கழுத்தில் இரண்டு சால்வை சுற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். பேசும்போது வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் அவரைக் கெட்டில் என்று கூப்பிட்டார்கள்.

ஊர் மட்டும் அக்கா சொன்னதை நம்பவில்லை. புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டி பழியை ஏற்றுக்கொண்டாள் என்றார்கள் சிலர். பெண்டாட்டியைக் காப்பாற்ற இத்தெல் ஏற்றார் என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னதில் எது நிஜம் என்று குழம்பிப்போய், கடைசியில் எல்லாரும் சேர்ந்து இங்கிலீஷ்காரர் தலையில் கட்டிவிட்டார்கள்.

அடுத்த கோடையில் வாத்தியாருக்கு ஒரு வீடு கட்ட வாரியம் முடிவு செய்தது. ரோலண்ட்ஸ் தாளை இத்தெலிடம் கொடுத்து, "இந்தத் தடவை நகலை டொல்கெல்லியிலேயே போட்டு வாங்கிடலாமே" என்றார் நயமாக.

"மோர்வித் போடறதா இருந்தா நான் கட்டறேன். இல்லேன்னா வேற கொத்தனாரைப் பாருங்க" என்றார் இத்தெல்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா மாட்டேன் என்றாள். சட்டியை ஓங்கி வைத்தாள். அவர் தாளை மேசையில் விரித்துவிட்டு எதிரே உட்கார்ந்து புகைக்குழாயைப் பற்றவைத்தார். அவள் துணி மடித்தாள், கோழிக்குத் தீனி போட்டாள், தேநீர் போட்டாள். இருட்டுவதற்கு முன் வந்து உட்கார்ந்து, "வடக்கு எதுங்க?" என்று கேட்டாள்.

"அதுதான்னு நினைக்கிறேன்" என்று அவர் கொட்டிலைக் காட்டினார்.

வீடு செப்டம்பரில் முடிந்தது. சரியான பக்கம்தான் பார்த்து நிற்கிறது. நான் என் தாளை எடுத்துக்கொண்டு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.